இரண்டாவது வண்டிக்கு ஒரு காரணம்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் மீட்டரைப் பார்க்கிறார்கள், ஐயா. அது தப்பு. மீட்டரைத் திருப்பி வைக்க அரை மணி நேரம் போதும். பார்க்க வேண்டியது கால் வைக்கிற ரப்பரையும் பிரேக் மிதியையும்தான். முப்பதாயிரம் கிலோமீட்டர் மிதிபட்ட ரப்பர் மொழுமொழுவென்று ஆகியிருக்கும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

நான் எழுதித் தருவதாகச் சொன்னது வாய்க்கால் உடைப்பைப் பற்றி என்பது ஞாபகம் இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன். வண்டியைச் சொல்லாமல் உடைப்பை மட்டும் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

என் பெயர் பெரியநாயகசாமி. வயது நாற்பத்தேழு. திருக்காட்டுப்பள்ளி மெயின் ரோட்டிலிருந்து வாய்க்கால் கரை மேலேயே போகிற ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் நஞ்சை. மனைவி பாத்திமா மேரி குவைத்தில் நர்ஸ். வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸுக்கு வருவாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்தது. உர மூட்டை தாங்கும், பெட்ரோல் குடிக்காது. அதை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

ஆனால் ஆசை யாரை விட்டது. கல்யாணத்துக்கு முன்பு ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தேன். காலையில் எங்களை லாரியின் பின்பக்கம் ஏற்றித்தான் வேலைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு சிக்னலில் தினமும் ஒருவன் எங்கள் லாரிக்குப் பின்னால் வந்து நிற்பான். உயரமான வண்டி. மேலே தூக்கி வைத்த மட்கார்டு, முண்டு முண்டாகப் பட்டன் வைத்த டயர், டயரில் காய்ந்த மண். அந்த ஊரில் மண்ணுக்கு அவன் எங்கே போனான் என்று தெரியாது. நான் சாமான் மாதிரி லாரியில் உட்கார்ந்து அவனையே பார்ப்பேன். ஒன்பது வருஷம் பார்த்தேன். மனசு வெந்துபோகும், ஐயா.

மேரியிடம் போனில் சொன்னேன்.

"ஏங்க, வீட்டுல ஓட்டுறது நீங்க ஒரு ஆளு. ரெண்டு வண்டிய வச்சு என்ன பண்ணுவீங்க?"

"இது வேற மாதிரி வண்டி மேரி. தார் ரோட்டுலயும் போவும், சேத்துலயும் போவும்."

"எந்தச் சேத்துல?"

"நம்ம ஊரு ரோட்ட நீ பாத்ததே இல்லையா?"

"சரி, அது காரணந்தான். ரோடு மோசம்னா வாங்கிக்குங்க. ஆனா நான் வந்து பாப்பேன். சும்மா ஆசைக்கு வாங்கிருந்தீங்கன்னா அந்த வாரமே வித்துடணும்."

"மாதா மேல சத்தியம்" என்றேன். இந்தச் சத்தியத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் இதைக் காப்பாற்றத்தான்.

பதினாலு மாசம் தேடினேன். தஞ்சாவூரில் ஒன்று, எஞ்சினுக்கு அடியில் இருந்த தகட்டில் அடிபட்ட பள்ளத்தை மாவு வைத்துப் பூசியிருந்தார்கள். காரைக்காலில் ஒன்று, உப்புக் காற்றில் கம்பிகளெல்லாம் அரித்துப்போய்க் கிடந்தது. பத்தொன்பதாவதாக நாகப்பட்டினத்தில் பார்த்ததுதான் இது. ஹமீதா பானு என்று ஒரு அம்மா. மகன் கனடா போய்விட்டான். வண்டி சாக்குப் போர்த்தி மாட்டுக் கொட்டகையில் நின்றது. கால் ரப்பரில் கோடுகள் அப்படியே இருந்தன. டயரின் ஓரத்துப் பட்டன்களில் புது டயருக்கு உள்ள ரப்பர் முளைகூட முறியவில்லை.

"மவன் இத மண்ணுல எறக்குனதே இல்ல தம்பி. சாயங்காலம் கடக்கரைக்குப் போவான், வருவான். ஆனா எந்நேரமும் பொலம்பல்தான், இந்த ஊருல மேடு பள்ளமே இல்லன்னு. போட்டா புடிக்கிறதுக்கு இந்தத் தெருவுலயே ஒரு குழி வெட்டுனான்னா பாத்துக்குங்க. இந்த வண்டி வச்சிருக்கவன் சும்மா இருக்க மாட்டான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். எங்கள் ஊருக்குக் குழி வெட்ட வேண்டிய அவசியமே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

ஆவணியில் வண்டி வீட்டுக்கு வந்தது. சீட் உயரம், எனக்குக் கால் நுனிதான் தரையில் படும். அதைப் பழகிக்கொண்டேன். பதினோராவது நாள் ஊருக்குள் ஜல்லி லாரி வந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பது இதுதான். முப்பது வருஷமாக மனுக் கொடுத்தும் வராத தார் ரோடு அந்த ஆவணியில் வந்தது. அதிலும் அந்தக் காண்ட்ராக்டர் நேர்மையானவர். ஊரே வேடிக்கை பார்த்தது. சொன்ன கனத்துக்குக் கல் போட்டார், ரோலரை நாலு தடவை ஓட்டினார், ஓரத்துக்கு மண் அணைத்தார். ஒரு பைசா யாருக்கும் கொடுக்கவில்லை என்று பேச்சு. அப்படி ஒருத்தர் எங்கள் ஊருக்கு வந்து வாய்க்க வேண்டுமா?

எடுத்த எடுப்பில் கரையை வெட்டப் போகிறவன் இல்லை நான். முறைப்படிதான் போனேன். தார் ரோடு வந்தால் விபத்து கூடும் என்று கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தேன். குறுவை அறுப்புக்கு வந்த, டயருக்குப் பதில் செயினில் ஊர்கிற மெஷினை மெயின் ரோட்டிலேயே லாரியிலிருந்து இறக்கச் சொல்லி, ஐந்து கிலோமீட்டரும் ரோட்டு மேலேயே ஓட்டிவரச் செய்தேன். டிரைவருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். ரோட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. நாலு லோடு மணல் டிராக்டரை விட்டுப் பார்த்தேன். ம்ஹும். அப்போது எனக்கே அந்தக் காண்ட்ராக்டர் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். கரையடியில் தாழ்வாக இருக்கிற வீடு காளியம்மாளுடையது. ஆடு வளர்த்துத் தனியாகப் பிழைக்கிற கிழவி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லும்: "இனிமே ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்துடும் சாமி. இத்தன வருசம் உசிரப் புடிச்சுக்கிட்டு இருந்ததுக்கு இப்பத்தான் அர்த்தம் வந்திருக்கு." நான் ஆமாம் என்பேன். வயசானவர்களிடம் வாக்குவாதம் செய்கிற பழக்கம் எனக்கில்லை.

கார்த்திகை பிறந்து அடைமழை பிடித்தது. வாய்க்கால் கரை தட்டி ஓடினால் எங்கள் பக்கம் கரை காவல் போடுவோம், வீட்டுக்கு ஒரு ஆள், முறை வைத்து. காவல் எதற்கு என்றால் தண்ணீருக்குப் பயந்து பாதி, எதிர்க்கரைக்குப் பயந்து பாதி. இந்தக் கரை உடைந்தால் அந்தக் கரை பிழைக்கும். அதனால் எந்தக் கரை உடைந்தாலும் எதிர்க்கரைக்காரன் வெட்டியது என்றுதான் இரண்டு பக்கமும் பேசும். தாத்தா காலத்திலிருந்து அப்படி. இந்தத் தடவை ஊர்க்கூட்டத்தில் என்னைக் காவலுக்குத் தலைவராகவே போட்டார்கள். ரோடு முடிந்ததுக்கு அப்பாலும் மழையில் கரை மண்ணில் ஓடக்கூடிய வண்டி என்னிடம்தான் இருக்கிறது என்றார்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்று இனி ஊர் பேசும். அந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்துப் பேச வேண்டும்.

மேரி வர இருபத்திநாலு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை நேரம். ஊரில் பாதிப்பேர் மாதா கோயிலுக்குள், மீதிப்பேர் மழைக்குப் பயந்து வீட்டுக்குள். காளியம்மாள் வீட்டுக்குக் கொஞ்சம் மேற்கே கரையில் ஒரு நண்டு வளை இருந்தது. அதை மூன்று நாளாகப் பார்த்து வைத்திருந்தேன். நண்டு ஆரம்பித்த வேலை அது. நான் மண்வெட்டியால் கொஞ்சம் அகலப்படுத்தினேன். கணக்குப் போட்டுத்தான் செய்தேன், ஐயா. என் வண்டி முக்கால் அடித் தண்ணீரில் அணையாமல் போகும். ரோட்டில் பத்தடிக்கு ஒரு வெட்டு விழுந்தால் போதும். மற்ற வண்டிகள் நிற்கும், என்னுடையது போகும். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

தண்ணீருக்குக் கணக்குத் தெரியவில்லை. நான் வண்டியைத் திருப்புவதற்குள் பத்தடி நாற்பதடி ஆனது. ரோடு தோசையை மடித்த மாதிரி மடிந்து உள்ளே விழுந்தது. அப்போதும் தாரில் விரிசல் விழவில்லை என்பதைக் கவனித்தேன். நேராகக் கோயிலுக்கு ஓட்டிப்போய் உடைப்பு என்று சொன்னதும் நான்தான். வேறு வண்டியாக இருந்தால் அந்தச் சேற்றில் அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க முடியாது.

நட்டு நாற்பது நாளான சம்பா, நூற்றுப் பத்து ஏக்கர், ஒன்பது நாள் தண்ணீரில் கிடந்து அழுகியது. என் இரண்டு ஏக்கர் மேட்டுப்பாங்கு, அது தற்செயல்.

எதிர்க்கரையிலிருந்து துரைக்கண்ணு என்பவர் முதல் ஆளாக ஓடிவந்தார். அவர் அந்தப் பக்கம் வயல்களுக்குத் தண்ணீர் கட்டுகிறவர். தலையில் சாக்கும் தோளில் மண்வெட்டியும். உடைப்பை அடைக்கத்தான் வந்தார். எங்கள் ஆட்கள் மண்வெட்டியைப் பார்த்தார்கள். என்னிடம் கேட்டார்கள்: "தலைவரே, இந்த ஆளு வெட்டுனதப் பாத்தியளா?"

"மழையில ஒண்ணும் சரியாத் தெரியல" என்றேன்.

அது பொய் இல்லை. மழை பெய்தது. அவருடைய வலது கையில் மூன்று விரல் போயிற்று. நான் அடிக்கவில்லை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். நீருக்குள் இறங்கி ஏறும்போது இடது கையால் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லாருக்கணும் தம்பி" என்றார்.

அதற்கு முன்பே ஒரு சவாரி போயிருந்தேன். காளியம்மாளின் மண்சுவர் இடிந்து மேலே விழுந்திருந்தது. ஆம்புலன்ஸ் உடைப்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கிழவியை நடுவில் வைத்து, பின்னால் சகாயராஜ் என்கிற பக்கத்து வீட்டுப் பையன் தாங்கிப் பிடிக்க, மூவரையும் சேர்த்து ஒரு சேலையால் கட்டி, வயலில் இறக்கி, வரப்பு ஏறி, ஆம்புலன்ஸிடம் சேர்த்தேன். ஏழு நிமிஷம். வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை. நாலாம் நாள் தஞ்சாவூரில் அவள் இறந்தாள். ஆஸ்பத்திரியில்தான் இறந்தாள், வண்டியில் இல்லை.

பிறகு மூன்று வாரம் ஊரே என் வண்டியில்தான் ஓடியது. பால், மாத்திரை, ரேஷன் அரிசி, நற்கருணை கொண்டுவந்த சாமியார். பூசையில் என் பெயரைச் சொல்லி நன்றி கூறினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். புகழ்ச்சி எனக்குப் பிடிக்காது.

டிசம்பர் இருபத்திரண்டு மேரி வந்தாள். மெயின் ரோட்டில் பெட்டியோடு நின்றாள். ஏறச் சொன்னேன். உடைப்பில் மணல் மூட்டை மேல் ஏறி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

"ஏங்க, நான் ஆசைக்குத்தான் வாங்குறீங்கன்னு நெனச்சேன். காரணம் நெசந்தாங்க" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் எதற்காக மறைக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை பொறியாளர் வந்தார். உடைப்பை அளந்து பார்த்து, மனிதக் கை இல்லை, வெள்ளத்தின் வேகம், மண் கரை இதற்குமேல் தாங்காது என்று எழுதிவிட்டார். துரைக்கண்ணு மேல் குற்றமில்லை என்றானதும் இரண்டு கரையும் சமாதானமாகிவிட்டது. கரைக்குப் பக்கச் சுவர் எழுப்பி, மெயின் ரோட்டிலிருந்து ஊரைத் தாண்டிக் கல்லறை வரைக்கும் சிமெண்ட் ரோடு போடப் போகிறார்களாம். அதே காண்ட்ராக்டரும் டெண்டர் கேட்கிறாராம். நூறு வருஷத்துக்கு அசையாது என்றார் பொறியாளர். மேரிக்கு லீவு முடிய இன்னும் இரண்டு வாரம். "அப்ப இந்த வண்டிய குடுத்துடலாங்க" என்றாள், சோறு போட்டுக்கொண்டே.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காளியம்மாள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. உண்மையைச் சொல்லாமல் இருப்பது பாவம் என்று பட்டது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, யாரும் கூப்பிடவில்லை; நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். கரை நல்ல கரை, ஐயா. அதில் ஒரு குறையும் இல்லை. வெள்ளத்தாலும் அது உடையவில்லை. வெட்டியது நான், பெரியநாயகசாமி, என் சுயபுத்தியோடு, மண்வெட்டியால். மண்வெட்டி வைக்கோல் போருக்கு அடியில் இருக்கிறது. என்ன தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன். வண்டியைச் சாட்சிப் பொருளாக எடுத்தால் நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை யாராவது ஓட்ட வேண்டும், மண்ணில் மட்டும். தாரிலும் சிமெண்டிலும் ஓட்டினால் அந்த டயர் தேய்ந்துவிடும்.

எல்லாம் காளியம்மாளின் ஆத்மா சாந்திக்காகத்தான் எழுதித் தருகிறேன். இதில் ஒரு நகல் மட்டும் பொறியாளர் ஆபீசுக்கு இன்றைக்கே போய்ச் சேர வேண்டும், ஐயா. திங்கட்கிழமை டெண்டர் திறக்கிறார்கள்.