முனீஸ்வரன் கெடாவின் காது எண் 41

வெங்கடம்மாள், வயது 52, க/பெ கோவிந்தப்பன், வேப்பனப்பள்ளி அருகில் குடியிருப்பு, தொழில் ஆடு வளர்ப்பு, ஆகிய நான் சார்பு ஆய்வாளர் சுஜாதா அவர்கள் முன்பு, யாரும் கூப்பிடாமல் நானாகவே ஆஜராகிச் சொல்வது.

நான் மேற்படி ஊரில் செம்மறி ஆடு வளர்த்து வருகிறேன். மூன்று வருடத்துக்கு முந்தி மழைக்காலத்தில் ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்து, ஒரே மாதத்தில் பதினொரு உருப்படி செத்தன. புழு மருந்து மாதம் தவறாமல் ஊற்றியும் செத்தன. எங்கள் ஊர்ப்பக்கம் அந்த மருந்தை விற்கிற நல்லுசாமியிடம் கேட்டதற்கு, "ஊத்தத் தெரியாம ஊத்திட்டு என்னை வந்து கேக்கறயா?" என்றார். முப்பது வருடமாக ஊற்றுகிற எனக்கா தெரியாது? வயிறெரிந்து வந்தேன்.

அதன் பிறகு, ஆட்டுக் குடற்புழுக்களை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் பெனிஷா ஓசூரிலிருந்து எங்கள் பட்டிக்கு வந்தார். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஆட்டின் பின்புறத்திலிருந்தும் அவரே புழுக்கை எடுத்தார். "இவ்வளவு படிச்சுப்புட்டு இந்த வேலையா கண்ணு உனக்கு?" என்று கேட்டேன். "இதுக்குத்தான்க்கா படிச்சதே" என்று சிரித்தார்.

முதல் நாள் எத்தனை ஆடு என்று கேட்டபோது நாற்பது என்றேன். பட்டியைத் திறந்துவிட்டு எண்ணியவர், "அக்கா, ஒண்ணு கூடுதலா வருதே?" என்றார். அது முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட கெடா. நேர்ந்துவிட்டதை எங்கள் ஆட்டோடு சேர்த்து எண்ணுகிற வழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை, அது சாமியுடையது. சொன்னேன். "சாமி கெடாவும் இதே புல்லைத்தானே மேயுது? அதுக்கும் புழு இருக்குமே. உங்க சாமி கோவிச்சுக்க மாட்டாருன்னா நம்பர் போட்டுக்கறேன்" என்றார். அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண், இருந்தும் கேட்டுவிட்டுத்தான் தொட்டார். நான் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகு கெடாவின் காதில் 41 என்று மஞ்சள் வில்லை மாட்டினார்.

அதன் பிறகு புழுக்கையில் இருக்கிற புழு முட்டையை எண்ணி, நல்லுசாமி விற்கும் அதே மருந்தை அளவு தவறாமல் ஊற்றி, பதினான்கு நாள் கழித்து மறுபடி எண்ணினார். முட்டை குறையவே இல்லை. தேவையில்லாத ஆட்டுக்கும் ஊற்றி ஊற்றிப் புழுவுக்கு மருந்து பழகிவிட்டது என்றார். இனி கண்ணிமையை விரித்துப் பார்த்து, ரத்தம் செத்து உள்ளிமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் வேறு மருந்து கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் பட்டியில் புழுவால் ஒரு ஆடு சாகவில்லை.

இதை அவர் கட்டுரையாக எழுதி வெளிநாட்டுப் பத்திரிகையில் போட்டார். ஆப்பிரிக்காவில் ஆடு வளர்க்கிற தேசத்தார் அதைப் படித்து, அங்கேயும் அப்படியே எண்ணிப் பார்த்து, டாக்டரம்மா பேரைப் போட்டு எழுதியிருக்கிறார்களாம். பெங்களூரில் மாட்டு டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்துகிறார்களாம். எங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரியிலும் இப்போது இமையைப் பார்க்காமல் மருந்து பாட்டிலைத் தொடுவதில்லை. எல்லாம் என் பட்டிப் புழுக்கையில் ஆரம்பித்தது. கட்டுரையின் கடைசியில் நன்றி என்று என் பேரும் இருக்கிறது. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மருந்து வியாபாரம் படுத்துப்போன நல்லுசாமி போன மாதம் வந்து, ஏதோ கணக்கெடுப்பு என்று சொல்லி, டாக்டர் வந்தபோது உனக்கு எத்தனை ஆடு என்று கேட்டார். வழக்கம்போல நாற்பது என்று சொல்லி, நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன். புத்தி கெட்டுப் போட்டேன். அந்தக் காகிதத்தை வைத்துத்தான், கட்டுரையில் நாற்பத்தொன்று என்று போட்டு இல்லாத ஆட்டைக் கணக்கில் காட்டிய டாக்டர் முட்டைக் கணக்கையும் பொய்யாகவே எழுதினார் என்று இங்கே மனு கொடுத்திருக்கிறார். பத்திரிகைக்கும் அதையே அனுப்பியிருக்கிறார். பதினைந்து நாளில் சரியான பதில் வராவிட்டால் கட்டுரையை வாபஸ் வாங்கிவிடுவார்களாம். டாக்டரம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரிடம் வேலை செய்யும் காவியா போன் போட்டு அழுத பிறகுதான் எனக்குத் தெரியும். பொய் சொன்னது டாக்டரம்மா இல்லை, எண்ணாமல் விட்டது நான்.

அந்தக் கெடாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து நிலைய வாசலில் கட்டியிருக்கிறேன். வருகிற ஆடியில் வெட்டவேண்டியது அது. இந்த விசாரணை முடிகிற வரைக்கும் வெட்டமாட்டேன். வரும் வழியில் கோயிலில் இறங்கி, "உன் கெடாதான்யா சாட்சி, கொஞ்சம் பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். டாக்டர் வந்த அன்று மொத்தம் எத்தனை ஆடு இருந்தது என்று ஆய்வாளரம்மா மறுபடி கேட்டதற்கு, என்னுடையது நாற்பது, முனீஸ்வரனுடையது ஒன்று, ஆக நாற்பத்தொன்று என்றேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. இதில் பொய் இருந்தால் அந்தக் கெடாவுக்கு உடையவன் என்னைக் கேட்கட்டும்.

(ஒப்பம்) வெங்கடம்மாள்

என் முன்பாக: சுஜாதா, சார்பு ஆய்வாளர்.
குறிப்பு: நிலைய வாசலில் கட்டியிருந்த கெடாவை நேரில் பார்த்தேன். இடது காதில் மஞ்சள் வில்லை, எண் 41. சாட்சியின் பொறுப்பிலேயே திருப்பி அனுப்பப்பட்டது.