இரண்டாவது இசைத்தட்டுக்கு மழை

“மழை வாசிக்கலேன்னா நம்ம ரெண்டாவது தட்டு வெளியே வராது மாப்ள.”

எழுபதுகளில் ஒரு மத்தியானம், போடியிலிருந்து மலையேறும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கிதாரை அணைத்துக்கொண்டிருந்தவன் இதைச் சொன்னான். பக்கத்தில் அவனுடைய ராக் குழுவின் டிரம்ஸ்காரன், மடியில் டேப் பெட்டியோடு. சன்னலுக்கு வெளியே மலை மேகத்துக்குள் கரைந்துகொண்டிருந்தது.

“மொதத் தட்டு ஓஹோன்னு ஓடினது என் டிரம்ஸாலன்னுல்ல நெனச்சேன்?”

“போடிமெட்டு ஏலக்காய் ஸ்டோர்ல பாடுனப்ப தகரக் கூரைல விழுந்துச்சே, அந்த மழையாலடா. நீ தாளம் தப்புன எடத்துலகூட அது தப்பல.”

“கம்பெனிக்கு அதே சத்தம் வேணுமாமே?”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுக்கணும். இல்லேன்னா வேற குழுவப் பிடிச்சுக்குவானாம்.”

“மெட்ராஸ்ல பட்டாணிய மொறத்துல உருட்டிப் பாத்தோமேடா.”

“அது பட்டாணி மாதிரியேதான கேட்டுச்சு!”

ஏலக்காய் உலர்த்தும் அந்த ஸ்டோர் எங்கள் எஸ்டேட்டுடையது. தகரத்தைக் கழற்றிவிட்டு ஓடு வேயச் சொல்லி அதற்கு முந்தைய மாதம்தான் கையெழுத்திட்டவன் நான்; வேலையும் முடிந்துவிட்டது. வழியிலேயே இன்னொரு தகர ஸ்டோர் இருப்பதும் எனக்குத் தெரியும். முடி வளர்த்த பையன்களிடம் ஒரு மேனேஜர் வலியப் போய்ப் பேசுவதா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

அந்த இன்னொரு ஸ்டோரைப் பேருந்து தாண்டியபோது சன்னலில் துளிகள் விழுந்தன.

“நம்மாளு வந்துட்டாருடா! பெட்டிய நனையாமச் சுத்து!”

போடிமெட்டில் இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கி, மழைக்குள், நான் வேயச் சொன்ன ஓட்டுக் கூரையை நோக்கி ஓடினார்கள்.