இருபத்தொன்பதாம் பக்கம், மூன்றாவது கட்டம்

— மூணு தடவை பார்த்துட்டேன் அக்கா. அளந்துதான் சொல்றேன். முதல் தடவை ரசிகனா, ரெண்டாவது தடவை சந்தேகத்தோட, மூணாவது தடவை பையில இந்தப் புத்தகத்தை வச்சுக்கிட்டு. அந்த வசனம் படத்துல இல்லை.

— நீங்க யாரு, மேல எப்படி வந்தீங்கன்னே இன்னும் சொல்லலை.

— கீழ வாட்ச்மேன்கிட்ட லிஃப்ட் மெக்கானிக்னு சொன்னேன். பொய் இல்லை, அதான் என் வேலை. அந்த ஒரு வார்த்தை சொன்னா எந்த பில்டிங்லயும் ஏன்னு கேக்க மாட்டாங்க. உங்க லிஃப்ட் இந்த மாடியில ஒரு விரக்கடை கீழ நிக்குது, யாராவது தடுக்கி விழப் போறாங்க. போகும்போது சரி பண்ணிட்டுப் போறேன்.

— தம்பி, இது காமிக்ஸ் ஆபீஸ். படம் எடுத்தது நாங்க இல்லை. ஆசிரியர் அச்சகத்துக்குப் போயிருக்கார். நான் வசன பலூனுக்குள்ள எழுத்து வைக்கிறவ. மூணு மணிக்குள்ள ஒரு ஃபைல் அனுப்பியாகணும்.

— எழுத்து வைக்கிறவங்கன்னா? 'சாம்பல் பறவை' வரிசை முழுக்கவா? எல்லா பலூனுமா?

— பதினாலு வருஷமா.

— கொஞ்சம் உக்காரலாமா அக்கா?

— அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. தண்ணி குடிங்க.

— அந்த எழுத்தைப் பார்த்து நான் கையெழுத்தே மாத்திக்கிட்டேன். எங்க கம்பெனியில வேலைச் சீட்டு எழுதினா, 'என்னடா இது, சீட்டா காமிக்ஸா'ம்பாங்க. அந்த 'ழ'வோட வால். எத்தனை நாள் பழகினேன் தெரியுமா?

— அதாவது, அந்த வால் என் தப்பு. பலூன்ல இடம் பத்தாம சுருட்டி விட்டேன். அப்புறம் பழகிப்போச்சு. சரி, எந்த வசனம் இல்லைன்னு வந்திருக்கீங்க?

— தெரியாத மாதிரி கேக்கறீங்களே. நாப்பத்தோராவது இதழ். பாலம் இடியுது. சாம்பல் பறவை அதைத் தோள்ல தாங்கிட்டு நிக்கிறான். கீழ ஒரு சின்னப் பொண்ணு மாட்டிக்கிட்டு, பயத்துல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டிருக்கா. நிமிர்ந்து பார்த்து, 'உனக்குப் பயமாக இல்லையா?'ன்னு கேக்கறா. அவன் என்ன சொல்றான்? இருபத்தொன்பதாம் பக்கம், மூணாவது கட்டம். 'பயமாகத்தான் இருக்கிறது. நீ எண்ணிக்கொண்டே இரு.' படத்துல? வாயைத் திறக்கிறான். மூடிக்கிறான். அவ்வளவுதான்.

— ம். மத்தபடி படம் பிடிச்சிருந்ததா?

— பிடிச்சிருந்ததாவா? முதல் தடவை பறக்கறானே, சாம்பல் முதல்ல மேல போகுது, ஒரு மூச்சு விட்டு அப்புறம்தான் அவன் போறான். பக்கத்து சீட்டுக்காரர் பாப்கார்னைக் கையில எடுத்தவர் வாய்க்குக் கொண்டுபோக மறந்துட்டார். நான் இருபத்திரண்டு மாடி லிஃப்ட் குழிக்குள்ள கம்பியில தொங்கி வேலை செஞ்சவன் அக்கா. நானே சீட்டுக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டேன்.

— அப்புறம் என்ன குறை?

— ரெண்டாம் பாதியில வானத்துல ஓட்டை. ஏன் அக்கா எல்லாப் படத்துலயும் கடைசியில வானத்துல ஓட்டை விழுது? அதுலேருந்து ஒருத்தன் இறங்கி வர்றான், ஊரே இடியுது. நாப்பது மாடி சாயுது. அந்த நாப்பது மாடியில எத்தனை லிஃப்ட் இருக்கும், உள்ள எத்தனை பேர் மாட்டியிருப்பாங்க? ஒருத்தனும் காட்ட மாட்டேங்கறான்.

— அது உங்க தொழில் கவலை.

— கவலைப்பட ஒரு ஆள் வேணாமா? அப்புறம் அந்த முகமூடி. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கழட்டறான், நடிகர் மூஞ்சி தெரியணுமாம். புத்தகத்துல மொத்தமே ஒரு தடவைதான் கழட்டினான், அதுவும் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. அந்த முதுகை நான் ஒரு வாரம் பார்த்துக்கிட்டிருந்தேன். புத்தகம் வேற அக்கா. ரெண்டு கட்டத்துக்கு நடுவுல வெள்ளையா ஒரு சந்து விடறீங்களே, அங்கதான் எல்லாமே நடக்குது. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல போற மாதிரி. கதவு மூடினது தெரியும், திறந்தது தெரியும். நடுவுல எங்க இருந்தோம்னு நமக்கே தெரியாது.

— இதை எழுதி வச்சுக்கலாமா?

— கிண்டல் பண்றீங்க.

— இல்லை தம்பி. இத்தனை வருஷத்துல அந்தச் சந்தைப் பத்தி ஒருத்தரும் பேசினதில்லை. சரி, கையில என்ன அது, ஏதோ தாளா வச்சிருக்கீங்க?

— படக் கம்பெனிக்கு ஒரு கடிதம். அடுத்து படத்தோட நீளமான பதிப்பு வெளியிடப் போறாங்களாம், அதுலயாவது அந்த வசனத்தைச் சேர்க்கணும்னு. எங்க குரூப்ல இருநூத்திப் பன்னெண்டு பேர் கையெழுத்து. நீங்க உங்க முத்திரையைக் குத்தி, மூலப் புத்தகத்துல இது இருக்குன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும்.

— முதல் கையெழுத்து 'சாவி'ன்னு இருக்கு.

— அது நான்தான். வேலையில எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. நிஜப்பேர் சம்பளச் சீட்டுல மட்டும்தான் இருக்கு.

— அது என்ன பேரு, சாவி?

— வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மானக்கேடு. அது எதுக்கு இப்போ. முத்திரை எங்க இருக்கு அக்கா?

— ஒரு வரி வசனத்துக்கு இவ்வளவு ஏன் தம்பி? படம் நல்லாத்தானே இருக்கு.

— அந்த வரியை நான் வேலையில வச்சிருக்கேன். ஸ்பேனர் மாதிரி. லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னு வைங்க. மேல மெஷின் ரூம்ல ஒருத்தர் பார்ப்பார், நான் கதவுக்கு வெளியில நிப்பேன். உள்ள இருக்கிறவங்க கத்துவாங்க, கதவை உதைப்பாங்க. 'பயப்படாதீங்க'ன்னா இன்னும் கத்துவாங்க. எங்க கையேட்டுல அதான் போட்டிருக்கு, பயப்படாதீங்கன்னு சொல்லணும்னு. நான் சொல்ல மாட்டேன். 'பயமாத்தான் இருக்கு. நீங்க எண்ணிக்கிட்டே இருங்க'ம்பேன். சத்தியமா அக்கா, உடனே உள்ள அமைதியாயிடும். ஒரு தடவை ஒரு பெரிய ஆபீசர், கோட்டெல்லாம் போட்டவர், முந்நூத்தி நாப்பது வரைக்கும் எண்ணினார். வெளியில வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு முந்நூத்தி நாப்பத்தொண்ணுன்னார்.

— எத்தனை வருஷமா இப்படிச் சொல்றீங்க?

— புத்தகம் வந்ததிலேருந்து. பன்னெண்டு வருஷம். அப்போ நான் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகலை. இருட்டுக் குழியைப் பார்த்தாலே காது அடைச்சுப்போகும். கதவுகிட்ட நின்னு என்ன பேசினேன்னு கேட்டா ஒரு வார்த்தை ஞாபகம் இருக்காது. நமக்கு இது ஆகாது, விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அந்தச் சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு கடையில இது தொங்கிட்டிருந்தது. நின்னுக்கிட்டே படிச்சேன். பாலத்தையே தூக்கறவன் பயமாத்தான் இருக்குங்கறான். திங்கக்கிழமை வேலைக்குப் போயிட்டேன். அதனாலதான் முத்திரை கேக்கறேன்.

— முத்திரை குத்த முடியாது தம்பி.

— ஆசிரியர் வந்து கேக்கட்டும், நான் பேசிக்கறேன்.

— அதுக்காக இல்லை. இங்க வந்து இந்தத் திரையைப் பாருங்க. படம் ஓடுதுன்னு நாப்பத்தோராவது இதழை மறுபடி போடறோம். மூணு மணிக்குப் போக வேண்டிய ஃபைல் இதுதான். நாங்க மொழிபெயர்த்துத்தானே போடறோம், மூலக் கம்பெனியிலேருந்து திருத்தப் பட்டியல் வந்திருக்கு. கடைசித் திருத்தத்தைப் படிங்க.

— பக்கம் இருபத்தொன்பது, கட்டம் மூணு, பலூன்... வெறுமையாக விடவும்?

— மூலத்துல வெறுமையாத்தான் இருந்துச்சு. படத்துல சரியாத்தான் எடுத்திருக்காங்க. வாயைத் திறக்கிறான், ஒண்ணும் வரலை. ஓவியர் வேணும்னேதான் வெறும் பலூன் வரைஞ்சிருக்கார். எனக்கு அது புரியலை. மொழிபெயர்ப்புத் தாள்ல அந்த எண்ணுக்கு நேரா ஒண்ணும் இல்லை. விட்டுப்போச்சுன்னு நினைச்சேன். கேட்டு எழுதினா பதில் வர ஒரு வாரம் ஆகும், மறுநாள் காலையில அச்சு. வெறும் பலூனோட ஒரு பக்கத்தை அனுப்ப எனக்குக் கை வரலை. நானே நிரப்பிட்டேன்.

— நீங்களேன்னா?

— நானே. ஆசிரியருக்கு இந்த வாரம் வரைக்கும் தெரியாது. பட்டியல் வந்ததும் கூப்பிட்டுக் கேட்டார். எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லு, அந்த வரிக்குச் சொந்தக்காரர் யாருன்னு தெரிஞ்சா கீழ ஒரு குறிப்புப் போட்டு நம்ம வாசகர்களுக்காக விட்டு வைக்கலாம், கம்பெனிகிட்ட நானே பேசறேன், இல்லேன்னா மூணு மணிக்கு வெறும் பலூன்னுட்டுப் போயிட்டார். உங்க கடிதம் போச்சுன்னா மூலத்தை எடுத்துப் பார்ப்பாங்க. அவர் பேசறதுக்கு முன்னாடியே என் வேலை போயிடும்.

— அப்போ சாம்பல் பறவை அதைச் சொல்லவே இல்லையா?

— இல்லை தம்பி.

— பன்னெண்டு வருஷமா நான் அவன் வசனம்னு...

— தண்ணி குடிங்க.

— வேணாம் அக்கா. ஒரு நிமிஷம். கடிதத்தைக் கொடுங்க. கிழிச்சுடறேன்.

— இருநூத்திப் பன்னெண்டு கையெழுத்து தம்பி.

— போகட்டும். அளந்து சொல்றேன், யோசிச்சா அந்த வெறும் பலூனும் சும்மா இல்லை. மூணாவது தடவை பார்க்கும்போது தியேட்டர்ல பின்னாடி ஒரு குழந்தை, அவன் வாயைத் திறந்து மூடினதும், 'சொல்லு, சொல்லு'ன்னுச்சு. எனக்குக் கோபம் வந்துச்சு. இப்போதான் தோணுது, அங்க உக்காந்திருந்த ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள ஆளுக்கொண்ணு சொல்லியிருப்பாங்க. நீங்க சொன்னது அச்சுல வந்துடுச்சு, அவ்வளவுதான். சொந்தக்காரர் பேர்தானே வேணும்? உங்க பேரையே போடுங்க. பதினாலு வருஷமா எல்லார் வசனத்தையும் எழுதறவங்களுக்கு ஒரு வரி சொந்தமா இருக்கக் கூடாதா?

— போட முடியாது. அது என்னுதும் இல்லை. அதனாலதான் ஆசிரியர்கிட்ட வாயே திறக்கலை.

— அப்போ யாரோடது?

— தெரியாது. அதாவது, ஆளைப் பார்க்கலை. அந்தப் பக்கம் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி, எங்க பழைய ஆபீஸ் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல. விளக்கும் போயிடுச்சு. எனக்குக் கட்டம் எண்ணிப் பழக்கம், அதனால சத்தமா எண்ண ஆரம்பிச்சுட்டேன். வெளியில யாரோ வந்து நின்னது கேட்டுச்சு. சின்னப் பையன் குரல்.

— நாங்க அனுப்பற ஆளாத்தான் இருக்கும். ஊர்ல பாதி லிஃப்ட் எங்க கம்பெனிதான். என்ன சொன்னான்?

— முதல்ல யாரு உள்ளன்னு மட்டும் கேட்டான். கதவு லேசா அசைஞ்சுது. உடனே ஏதோ இரும்பு அவன் கையை விட்டு நழுவி, கீழ, இருட்டுக்குள்ள போச்சு. டங், டங்னு சுவர்ல அடிச்சுக்கிட்டே. நாலு அடி. அதையும் எண்ணினேன். அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஓடிப்போயிட்டான்னு நினைச்சேன். காதை வச்சுக் கேட்டா, மூச்சு வாங்கறது கேக்குது. என்னைவிட வேகமா. 'தம்பி, உங்களுக்குப் பயமா இல்லையா?'ன்னு கேட்டேன். அப்போதான் சொன்னான். 'பயமாத்தான் இருக்கு. நீங்க எண்ணிக்கிட்டே இருங்க.' நான் எண்ணினேன். அவனும் கூடவே எண்ணினான். நாப்பது நிமிஷம். கதவைத் திறந்தப்போ வெளியில வயசான மெக்கானிக் ஒருத்தர்தான் நின்னார். பையன் எங்கன்னு கேட்டேன். கீழ குழியில விழுந்ததைத் தேடறான்னார். எனக்கு வேலை அவசரம், நன்றிகூடச் சொல்லாம வந்துட்டேன். மூணாம் நாள் அந்தப் பொண்ணு எண்ணிக்கிட்டிருந்த பக்கம் வந்தது, வெறும் பலூனோட. அவன் வார்த்தையை எடுத்துப் பறவை வாயில வச்சுட்டேன். பேர் தெரியாதவன் வரிக்கு நான் எப்படிப் பேர் போடுவேன்? மணி ரெண்டே முக்கால் ஆச்சு. அழிச்சிடறேன் தம்பி. ஏன் எழுந்துட்டீங்க?

— அஞ்சு அக்கா.

— என்ன அஞ்சு?

— அடி நாலு இல்லை, அஞ்சு. அஞ்சாவது குழித் தண்ணியில விழுந்துச்சு, உங்களுக்கு உள்ள கேட்டிருக்காது. அது கதவு திறக்கற சாவி. அன்னிலேருந்துதான் எனக்கு அந்தப் பேரு.