குயில்வத்தைத் தோட்டத்துச் சங்கு

— மத்ததெல்லாம் பொறவு. மொதல்ல அத செல்லுங்க மெம்பர். ஆள் சேதம் ஈக்கிதா, இல்லையா?

— மூச்சு வாங்க விடுங்க நௌபர் நானா. குயில்வத்தைத் தோட்டத்துல இருந்து நடந்தே வர்றேன். ரோட்ட மண்ணு மூடிருச்சு, தேயிலைக்குள்ள புகுந்துதான் டவுனுக்கு வந்து சேர்ந்தேன். யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒரு கீறல் கூட இல்ல.

— அல்ஹம்துலில்லாஹ். காலையில சங்கு சுவிட்ச அமுக்கினதுல இருந்து சபை ஆபீஸ்ல இந்த போனோடதான் ஈக்கிறேன். தோட்டத்துப் பக்கம் ஒருத்தருக்கும் போன் போகுதில்ல. மலை எறங்கிட்டுன்னு பஸ்ஸுல வந்தவன் செல்றான், சனம் எங்கன்னு கேட்டா முழிக்கிறான். பகல் சோறு அப்படியே ஈக்கிது.

— மலை எறங்குனது நெசந்தான். மேல் லயத்து வீட்டு வரிசை இருந்த எடமே தெரியல. செவப்பு மண்ணும் தேயிலைத் தூருமாக் கெடக்கு. எங்க மாமியார் வீடும் அதுக்குள்ளதான்.

— யா அல்லாஹ். மாமி எங்க இப்ப?

— பள்ளிக்கூடத்துல உக்காந்து எல்லாரையும் வெரட்டி வேல வாங்கிக்கிட்டு இருக்காங்க. ராசம்மாவத்தான் ஒங்களுக்குத் தெரியுமே. போன மழைக்கு கிராம சேவகர் வாசல்ல நின்னு வீட்ட விட்டு வெளியேறுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. எம் மாட்ட ஒங்க சர்க்காரா பாக்கும்னு கேட்டுக் கதவச் சாத்துன ஆளு.

— அவங்க மட்டுமா? மொத மண்சரிவு ஒத்திகைக்கு சங்கு ஊதினப்ப சோத்துப் பார்சல் ஈக்கிதுன்னு தோட்டமே வந்துச்சு. அடுத்த தரம் பார்சல் இல்லன்னு தெரிஞ்சு ஒரு நாய் கூட எட்டிப் பாக்கல்ல. சபையில எனக்கு நடந்த கிண்டல் கொஞ்சமா? மத்த ஊரு நகர சபையெல்லாம் சோலார் லைட்டு போடுது, நாங்க மூடிக் கெடக்குற தேயிலை பெக்டரிச் சங்க எடுத்துத் தூசி தட்டி ஆபீஸ் வரைக்கும் வயர் இழுக்கிறோமாம்.

— என்னைய விட்டாங்களா? காலநிலைக்குன்னு வந்த ஒதுக்கீட்டுல டவுன் வாசல்ல தோரண வளைவு கட்டணும்னு எல்லாரும் ஒத்தக் கால்ல நின்னாங்க. மழைமானியும் சங்கும்தான் வேணும்னு நான் ஒருத்திதான் தொங்குனேன். சுதர்ஷினி சபைக்கே சங்கு ஊதப் போறாளாம்னு சிரிச்சாங்க. தோட்டத்துக்குள்ள நகர சபைக்கு என்ன வேலைன்னு தோட்டத்து மேனேஜர் தொரை வேற கேட்டாரு. ஒரு மாசத்து மழை இப்ப ஒரே ராத்திரியில கொட்டுது, டவுன் வடிகான் தண்ணி பூராவும் எங்க லயத்துக்கு மேலதான் வந்து விழுது, அந்தத் தண்ணிக்கு எல்லை தெரியுமாங்கன்னேன்.

— அத விடுங்க. சங்கு ஊதினதும் என்ன நடந்துச்சு?

— விடியிற நேரம். மூஞ்சி தெரியாத பனி, மழை விட்டபாடில்ல. கீழ் லயத்துல அடுப்பு மூட்டிக்கிட்டு இருந்தேன். சங்கு ஊதவும் அடுப்ப அப்படியே விட்டுட்டேன். கதவு கதவாத் தட்டிக் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரணுமேன்னு மேல் லயத்துக்கு ஓடுறேன். பாதி வழியில எதிர்ல வர்றாங்க நானா, அத்தன பேரும். முதுகுல கூடை, இடுப்புல படங்குச் சாக்கு.

— கூடையா? உயிரக் காப்பாத்த ஓடுறவங்களுக்குக் கூடை என்னத்துக்கு?

— அவங்க வந்தது பெரட்டுக்குங்க.

— வெளங்கல்ல.

— ஒத்திகையெல்லாம் நாம மத்தியானத்துல வச்சோம். இது விடியக்காலையில ஊதுது. பொறந்ததுல இருந்து அந்த நேரத்துல அந்தச் சங்கு வேலைக்கு ஆள் கூப்பிடத்தான ஊதியிருக்கு? பெக்டரியத் திரும்பத் தொறந்துட்டாங்க, பெரட்டுக் களத்துல பேர் எழுதுறாங்க, பிந்திப் போனா அரைப் பேருதான், அரை நாள் சம்பளந்தான்னு விழுந்தடிச்சு வர்றாங்க. பெக்டரி தொறந்தா கொழந்தைகளப் பாத்துக்குற புள்ளக்காம்பராவும் தொறந்திருக்கும்னு கைக்கொழந்தைகளையும் தூக்கிக்கிட்டு. பெரிய புள்ளைங்க என்ன விசேசம்னு பின்னாலயே. எங்க மாமியாருக்கு வேல நின்னு எத்தனையோ வருசம், அவங்கதான் முன்னால வர்றாங்க. பெரட்டு முடிய அப்படியே மேய விடலாம்னு மாட்டையும் இழுத்துக்கிட்டு.

— பெரட்டு இல்லன்னு நீங்க செல்லல்லியா?

— சொல்ல வாயெடுத்தேன். சொன்னா அடுத்த நிமிசம் திரும்பிருவாங்க. களமும் மலைச் சரிவுக்கு எட்டத்துலதான் இருக்கு. அதனால சீக்கிரம் வாங்க, பிந்துனா பேர் கெடையாதுன்னு நானும் கத்துனேன். பொய்தான். மெம்பரான நாளையில இருந்து நான் சொன்ன ஒரே பொய். படுக்கையில கெடந்த வீரய்யா தாத்தாவ மட்டும் நாலு பேராப் போய்ப் போர்வையோட தூக்குனோம். இப்ப யாரு தொரைன்னு வழி பூராக் கேட்டுக்கிட்டே வந்தாரு.

— களத்துல போய்?

— வரிசையா நின்னாங்க. கங்காணியக் காணோம், கணக்கப்பிள்ளையக் காணோம். அப்பத்தான் இது நகர சபை ஊதுன சங்குன்னு சொன்னேன். மாமியார் புடிச்சுக்கிட்டாங்க. நீ எலெக்சன்ல நின்னப்பவே எனக்குத் தெரியும், ஊர ஏமாத்தக் கத்துக்கிட்டன்னு ஏச ஆரம்பிச்சாங்க. பாதிப் பேரு திரும்பி நடக்கவே தொடங்கிட்டாங்க. அப்ப மேல சத்தம் கேட்டுச்சு நானா. லொறியில இருந்து கருங்கல்லு கொட்டுற மாதிரி. ரொம்ப நேரம். அப்புறம் எல்லாம் அடங்கிருச்சு.

— மாமி?

— கூடைய எறக்கி வச்சாங்க. எங் கையப் புடிச்சாங்க. விடவே இல்ல. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு.

— கூட்டத்துல தள்ளுப்பட்டு ஒருத்தரும் விழல்லியா?

— யாரும் பதறலையே. வேலைக்குப் போறவங்க எதுக்குப் பதறுறாங்க? மேலதிகாரிங்ககிட்ட இருந்து சங்கு ஊதச் சொல்லி உத்தரவு கொஞ்சம் பிந்தி வந்திருந்தா அத்தன பேரும் மண்ணுக்குள்ள. அடுத்த கூட்டத்துல எந்திரிச்சு அவங்களுக்கு நன்றி சொல்லப் போறேன்.

— டீ ஆறுது மெம்பர், குடிங்க.

— என்ன நானா, கீழ பாக்குறீங்க? உத்தரவு இல்லாம ஊதக்கூடாதுன்னு தீர்மானத்துலயே இருக்கே.

— ஈக்கிது. எனக்கும் வாசிச்சுக் காட்டினாங்க. மழைமானி நெறஞ்சு வழியுது, ஊதவான்னு போன் எடுத்துக் கேட்டேன். பொறுங்க, பெரியவங்க பேசி முடிவு செல்வாங்கன்னாங்க. பொறுத்தேன். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் பொறுக்கச் சென்னாங்க. வெளிய போய்ப் பாத்தா எங்கட கான்ல தண்ணி செம்மண்ணாப் போகுது, மலை கரையுது. அதுக்கு மேல பொறுக்க எனக்கு ஏலல்ல.

— ஒங்க வேலை போயிருமே.

— போனாப் போகட்டும். நீங்க வந்து ஒரு கீறல் இல்லன்னு சென்னதே எனக்குப் போதும்.

— போன் அடிக்குது. எடுங்க.

— ஹலோ, நகர சபை… சரி சேர்… சரி… சரி சேர்.

— யாரு? என்னவாம்?

— அவங்கதான். பேசி முடிவு எடுத்துட்டாங்களாம். சங்கு ஊத வேணாமாம். சனம் பதறிப் போயிருமாம்.