புறாக் கல்லு

அய்ய, இந்த மினுமினுப்பெல்லாம் ஆவாது தம்பி. அத அங்கனயே வையுங்க. மூஞ்சி தெரியுத கல்லு எனக்கு எதுக்கு, தல சீவவா? பழசு வேணும், பழசு! முப்பது வருசம் வெயில்லயும் மழையிலயும் கெடந்த மாதிரி, ஓரம் ரெண்டு எடத்துல உதுந்து… வாசலுக்கு மேல பதிக்கதுக்கு. ரெண்டடி நீளம், ஓரடி ஒசரம். பைபிள் வசனத்த இந்தத் தாள்ல எழுதிக் கொண்டாந்திருக்கேன். அதுக்குக் கீழ வருசம், தொண்ணூத்தி நாலு. இந்தப் பக்கம் ஒரு புறா. நல்லாக் கேட்டுக்கிடுங்க, புறா அழகா இருக்கக் கூடாது. கொஞ்சம் கோழி மாதிரி இருக்கணும்.

சிரிக்கிய. சிரிங்க, சிரிங்க. அந்தக் காலத்துல செதுக்குனவரு புறாவ நேர்ல பாத்ததில்ல போல. கழுத்து தடிச்சு, காலு தடிச்சு… எங்க அப்பா வீடு பால்காய்ப்புக்கு வந்துட்டு, "ஏளா ஜெயஷீலா, வாசல்ல என்னளா கோழியத் தொங்க விட்டுருக்க"ன்னாரு. அந்தக் கோழி வேணும் எனக்கு. அப்படியே. டீத்தண்ணியில ஊறப் போட்டா கல்லு பழசாவுமாமே, மெய்தானா?

எதுக்குன்னா கேக்கிய? நல்லாக் கேட்டிய போங்க! எல்லாம் எங்க சாரால. எங்க வீட்டுக்காரரு ஞானையா சாரு, கணக்கு வாத்தியாரு, ரிட்டயர்டு. தெரியுமா? தெரியாம என்ன, ஊருல பாதிப்பேர முட்டி போட வச்ச மனுசன். ரிட்டயர்டு ஆயி ஒரு மாசம் வீட்டுலயே கெடந்தாரு. கொழம்புல புளி எம்புட்டு, ஏன் அம்புட்டு, போன வாரம் எம்புட்டு… எனக்குப் பிராணன் போச்சு. "என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்காம வெளிய போயி வேற எதையாவது பாருங்க"ன்னு சொல்லிட்டேன். சொன்ன வாய்ல சூடு வைக்கணும் தம்பி.

போனாரு. போயி பறவ பாக்க ஆரம்பிச்சிட்டாரு.

பைபாஸ் தாண்டி, உப்பளத்துக்குப் பொறத்தால தண்ணியும் சேறுமா ஒரு எடம் கெடக்குல்லா, அதான். வனத்துறைக்காரன் போர்டு நட்டு வச்சிருக்கான், பறவைகள் வாழிடம், குப்பை கொட்டாதீர்னு. அந்தப் போர்டுக்குக் கீழதான் எல்லாப் பயலும் கொட்டுவான். எங்க கொட்டணும்னு அடையாளம் தெரியணும்லா! மகன் அபிலாஷ் வேற மஸ்கட்டுல இருந்து பைனாகுலரு ஒண்ணு அனுப்பிட்டான். அவ்வளவுதான். வெள்ளன அஞ்சு மணிக்குத் தொப்பியப் போட்டுட்டுக் கெளம்பிருவாரு. சேத்துல உக்காந்து பூநாரைய எண்ணுதாரு தம்பி. "இன்னைக்கு எழுநூத்திப் பன்னெண்டு ஷீலா"ம்பாரு. கடையில நாலு சாமான் வாங்கிட்டு வாங்கன்னா ரெண்ட மறந்துட்டு வார மனுசன்! நாளு தவறாம நோட்டுல எழுதி வனத்துறை ஆபீசுக்கு அனுப்புதாரு. அவங்களும் "சார் சார்"னு தலயில தூக்கி வச்சிட்டாங்க. சொல்லவா வேணும்.

இருங்க, கல்லுக்கு வாரேன். எங்கயும் போவல.

மக ஜெஸ்மிக்கு நிச்சயம் வருது, அதுக்கு வீட்டப் புதுப்பிச்சோம். சமயக்கட்டு முழுசும் இடிச்சு, முன்பக்கம் டைல்ஸ் ஒட்டி… மூணு வாரம் கொத்தனாரு, சித்தாளு, தூசி, இடி. எங்க சாரு மூக்குல துண்டக் கட்டிட்டு குறுக்க மறுக்கப் போவாரு, வருவாரு. அம்புட்டுதான். எல்லாம் முடிஞ்சு வீடு பளபளன்னு நிக்கி. ஒரு நாள் பொறுத்தேன். ரெண்டு நாள் பொறுத்தேன். மூணாம் நாள் நானே வாய விட்டுக் கேட்டேன், "வீட்டுல புதுசா என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்"னு. நாலு செவுத்தையும் சுத்திப் பாக்காரு. கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாக்காரு. பாத்துட்டு ஒரு பல்லியக் காட்டுதாரு தம்பி! "இது போன வாரம் இல்லியே"ங்காரு!

அர மைலு தள்ளி நிக்க பறவைக்கு காலு என்ன கலருன்னு சொல்லத் தெரியுது. கெட்டுனவ நிக்கா, அவ கெட்டுன வீடு நிக்கி, அது தெரியல. எனக்கு எப்படி இருக்கும்? அதுல வேற, "ஷீலா, நெடுங்கால் உள்ளான் வரப்புல முட்ட போட்டிருக்கு, நாலு முட்ட, ஒரு தடவ வந்து பாரேன்"ங்காரு. பென்சிலு மாதிரி காலு வச்சிட்டு நிக்குமே, அந்த மூதி. மரத்துல கூடு கெட்டத் தெரியாதாம் அதுக்கு. தரையிலயே நாலு கல்லக் கூட்டி வச்சு முட்டையப் போட்டுட்டு காவக் காக்குமாம். "முட்டையப் பாக்கணும்னா நான் பிரிட்ஜத் தெறந்து பாத்துக்கிடுதேன்"னு சொல்லிட்டேன்.

அன்னைக்கு மத்தியானம் டிராக்டருக்காரன் பேச்சிராஜா வந்தான், இடிச்ச மண்ணு, கல்லு எல்லாத்தையும் அள்ளிப் போவ. "எங்க தட்டட்டும்க்கா"ன்னு கேட்டான். வாசக் கல்லும் அதுல கெடந்துச்சு. டைல்ஸுக்கு எடஞ்சலா இருக்குன்னு பேத்து எடுத்தது, ரெண்டா ஒடஞ்சு போச்சு.

இல்ல, அவனா ஒண்ணும் செய்யல. நீங்க அவனத் திட்டாண்டாம். நாந்தான் சொன்னேன்.

ஆமா. "எங்க சாரு போயி உக்காருத எடம் தெரியும்லா, அங்கனயே கொண்டு போயித் தட்டுலே"ன்னு நாந்தான் சொன்னேன். அவன் கூட "யக்கா, அங்கன போர்டு போட்டிருக்குல்லா"ன்னான். "எல்லாரும் தட்டுதானுவ, நீ மட்டும் என்ன யோக்கியன்"னு வெரட்டி விட்டேன். என்னத்தச் சொல்ல… அவரு போயி உக்காரும்போது எதுத்தாப்புல எஞ்சமயக்கட்டுச் செவரு கெடக்கட்டும், அதயாவது பாக்கட்டும்னு ஒரு கோட்டித்தனம். வரப்பு வரைக்கும் போயிச் சரிப்பான்னு நான் கண்டேனா?

மக்யா நாளு காலைல போனவரு ஏழு மணிக்கே திரும்பி வந்துட்டாரு. வந்து செருப்பக் கூடக் கழட்டாம சேர்ல உக்காந்தாரு. "முட்டைய மூடிட்டானுவ ஷீலா"ன்னாரு. "அது ரெண்டும் மண்ணு மேலயே சுத்திச் சுத்திப் பறந்து கத்திட்டு கெடக்கு"ன்னாரு. சொல்லிட்டு அழுதாரு தம்பி. அவங்க அம்மா அடக்கத்துல கண்ணு கலங்காத மனுசன். புது சமயக்கட்டுல நின்னு நான் டீ போட்டேன். சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுட்டேன். அதையும் முழுசாக் குடிச்சாரு.

நானும் அவரோட சேந்து திட்டுனேன். ஆமா, அதுவும் செஞ்சேன். "எந்தச் சவத்து மூதி செஞ்சானோ, அவன் வெளங்குவானா"ன்னு. வாயில வந்துச்சு, என்ன செய்ய.

போட்டோ எடுத்து வனத்துறைக்கு மனு குடுத்துட்டாரு. போட்டோவுல மண்ணுக்கு வெளிய நீட்டிட்டு என்ன தெரியுதுங்கிய? கோழி! அர கல்லு, அந்தத் தடிச்ச காலு, பக்கத்துல வருசம், அதுலயும் கடைசி நாலு ஒடஞ்சு போயி… முப்பது வருசமா அதுக்குக் கீழதான குனிஞ்சு வாராரு போறாரு. ஒரு நாளு அண்ணாந்து பாத்திருந்தா உடனே தெரிஞ்சிருக்கும். "நம்ம சபையாளுக வீட்டுக் கல்லுதான், வசனம் இருக்கு"ன்னு ஒரே வெசாரண. அந்தானைக்கு, சனிக்கெழம, அங்கன கெடந்த கல்லையே காணும்னாரு. "செஞ்சவனே வந்து தூக்கிட்டுப் போயிட்டான் போல"ன்னாரு. ஆண்டவரு எம்பக்கம்னு நெனச்சு, ஞாயித்துக்கெழம காணிக்க கூடப் போட்டேன்.

அந்த ஞாயித்துக்கெழமதான் தம்பி எம்மானம் போச்சு. கல்யாண அறிவிப்பெல்லாம் வாசிச்ச பொறவு, பிரசங்கம் பண்ணுத சபை ஐயருகிட்ட ரெண்டு நிமிசம் கேட்டு வாங்கிட்டு, ஆம்பளைய பக்கத்துல இருந்து எந்திரிச்சு போட்டோவத் தூக்கிக் காட்டுதாரு. "இந்தப் புறாக் கல்லு யாரு வீட்டுது? செஞ்சவுகளா வந்து சொன்னாப் போதும்"ங்காரு. எங்க வீட்டுல கிறிஸ்மஸ் பலகாரம் தின்ன அம்புட்டு பேரும் பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள தலைய விட்டுட்டாக. ஜீவமணி டீச்சரு எந்தொடையில கிள்ளுதா. ஒருத்தரு வாயத் தொறக்கல. தொறந்தா நான் சும்மா விடுவேனா?

இப்ப வாசல்ல கல்லு இருந்த எடம் டைல்ஸு பத்தாமப் பொக்கையாத் தெரியுது. மேல கேலண்டர மாட்டி மறச்சு வச்சிருக்கேன். ஊருலயே வாசலுக்கு வெளிய கேலண்டர் தொங்குத வீடு எங்க வீடுதான். இனி வனத்துறை ஆளு வீடு வீடாப் பாக்க வருவானாம். அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன். நீங்க கல்லறைக்கெல்லாம் பேரு வெட்டுதவரு, ரகசியம் வெளிய போவாது. நாளைக்குள்ள தந்துருவியளா?

என்ன, எந்திரிச்சிட்டிய? எங்க போறிய? நான் பேசிட்டு இருக்கேன்… சாக்க எதுக்கு இழுக்கிய? அது என்ன அது…

ஏ ஆண்டவரே.

இது… இது எங்க வீட்டுக் கல்லுல்லா? ரெண்டையும் சேத்து ஒட்டிருக்கு. யாரு கொண்டாந்தா? சொல்லுங்க தம்பி, யாரு? எங்க சாரா? எப்ப? இந்தச் சனியா, சனிக்கெழமையேவா?

அப்ப ஒரு நாளு வாசல அண்ணாந்து பாத்துட்டாரு. ஞாயித்துக்கெழம கோயில்ல எந்திரிச்சு நிக்கும்போதே அவருக்குத் தெரியும். தெரிஞ்சிட்டுத்தான் பொம்பளைய பக்கமாத் திரும்பி நின்னு பேசிருக்காரு. என்னயத்தான் பாத்திருக்காரு தம்பி. நான் காணிக்கக் காச எடுக்க மாதிரி பைக்குள்ள குனிஞ்சிட்டேன்.

வனத்துறைக்காரங்ககிட்ட எம்பேரச் சொல்லியிருந்தா இந்நேரம் வந்திருப்பாங்க. சொல்லல. எங்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கல.

இல்ல, தண்ணியெல்லாம் வேண்டாம். கண்ணுல கல்லுத் தூசி, வேற ஒண்ணுமில்ல.

புதுக் கல்லு வெட்டாண்டாம். அந்தத் தாளக் குடுங்க. இங்கருந்து உப்பளத்துக்கு ஆட்டோ வருவானா? இந்நேரத்துக்கு அங்கனதான் ஒத்தையா உக்காந்திருப்பாரு. வராட்டிப் போறான், நடந்தே போறேன். போயி மொதல்ல ஒரு சண்ட போடணும் தம்பி. எல்லாம் தெரிஞ்சு வச்சிட்டு, அஞ்சு நாளா நான் போட்ட சோத்த ஒண்ணுமே தெரியாத மாதிரி இருந்து தின்னிருக்காரே, அது என்ன நியாயம்! அத நல்லாக் கேட்டுட்டு, பொறவு சொல்லிருதேன்… நாந்தான்னு.