இரண்டு முடிச்சு

பழைய சமையலறையைக் குறைந்த செலவில் புதிதாகக் காட்ட வேண்டுமென்றால் முதலில் கைப்பிடிகளை மாற்ற வேண்டும். அலமாரிக் கதவுகளை அப்படியே விட்டுவிட்டுக் கைப்பிடியை மட்டும் மாற்றினாலே அறைக்குப் பத்து வயது குறைந்துவிடும். உங்கள் வீட்டுச் சமையலறை எப்படி இருக்குமோ தெரியாது, மேடம். இந்த ஸ்டேஷனில் டீ போடும் மூலையைப் பார்த்தேன். அதற்கும் இது பொருந்தும்.

போன தடவை நான் சொன்னதை வைத்து நீங்கள் எழுதி வைத்திருக்கும் வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரி மட்டும் சரியில்லை. எடுத்த எடுப்பில் அந்த வரிக்குப் போனால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதையாகிவிடும். அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. வீடு என் மாமியாருடையது. அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை, என் வீட்டுக்காரர், நான் என்று மூன்றே பேர். சமையலறைக்கு என் கல்யாணத்தைப் போல இரண்டு மடங்கு வயது. காப்பிப்பொடி நிறத்தில் மர அலமாரி, மஞ்சள் பூத்த சுவர் ஓடுகள், எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துப்போன மின்விசிறி, அடுப்பு மேடையின் இடது ஓரத்தில் ஒரு உடைசல். இவ்வளவு அழுமூஞ்சி அறைக்குள் ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்தாலும் அத்தைக்குப் பொறுக்காது.

"எடுத்த இடத்துலயே வெச்சா என்ன, கை தேஞ்சா போயிடும்?"

பதினான்கு வருடமாக இதைக் கேட்டிருக்கிறேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் நான் எதையும் உடைக்கக்கூட வேண்டாம், நகர்த்தினாலே போதும். அந்த வீட்டில் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், துணி துவைத்தேன். ஆனாலும் சமையலறைக்குள் போகும்போது வேற்று வீட்டுக்குள் போகிற உணர்வுதான் எப்போதும் இருந்தது.

மொத்தமாக இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "அம்மா சரின்னு சொல்லட்டும், நாளைக்கே ஆள வரச் சொல்றேன்" என்பார் வீட்டுக்காரர். அத்தை சொல்ல மாட்டார். "நான் போனப்புறம் என்னத்த வேணா இடிச்சுக்கோங்க. அதுவரைக்கும் அந்த ரூம்ல கை வெக்காதீங்க." கடைசியில் வீட்டுக்காரர்தான் நடுவில் ஒரு வழி சொன்னார். இடிப்பதெல்லாம் பிறகு, இப்போதைக்குக் கொஞ்சமாகச் செலவு செய்து பெயிண்ட் அடித்து, அங்கே இங்கே தட்டிக்கொட்டிப் பளிச்சென்று ஆக்கிக்கொள் என்றார். இதை மறுக்க அத்தையிடம் காரணம் இல்லை. இருந்த ஒரே காரணத்தை அவரால் வெளியே சொல்ல முடியவில்லை.

அந்தக் காரணம் எனக்கு ஒரு மாதம் முன்பே தெரியும்.

ஒரு நாள் மதியம் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அத்தை உள்ளே வந்தார். அலமாரிக் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். மூன்றாவதுக்குத் திருகாணி தளர்ந்து லொடலொடவென்று ஆடும். அது ஆடியதும் அந்த இழுப்பறையைத் திறந்து கரண்டி எடுத்தார். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மேடையின் உடைசலைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒரு சாண் அளந்து, பாத்திரத்தை மிகச் சரியாக அடுப்பில் வைத்தார். பிறகு திரும்பி என் முகத்துக்கு நேராகப் பார்த்தபடி, "எங்க போய்த் தொலைஞ்சா இவ?" என்று கூடத்துக்குக் குரல் கொடுத்தார்.

இங்கேதான் நிற்கிறேன் அத்தை என்று சொல்லியிருக்கலாம். நான் சத்தம் கேட்காமல் இருக்க, வீட்டுக்குள் போடும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவருடைய துணி அலமாரியில் கண் மருத்துவரின் சீட்டு இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தையது. பல வருடமாக மங்கிவந்த பார்வை முழுதாகப் போய்விட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அதில் எழுதியிருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அத்தையின் புளுகு மூன்று வருடம் நின்றிருந்தது. பெற்ற மகனுக்கே தெரியாது. கரண்டியை ஏன் நகர்த்தக் கூடாது, அறையில் ஏன் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் கைப்பிடி வாங்கக் கடைக்குப் போனேன்.

வீட்டுக்காரரிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சொன்னால் "பாவம் அம்மா" என்பார். அதோடு அந்த அறையை ஆயுசுக்கும் தொட முடியாது. அதே விஷயம் அத்தை வாயாலேயே வந்தால் வேறு. எனக்குக் கண் தெரியலம்மா, இனிமே நீயே பார்த்துக்கோ என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் எல்லாம் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன்.

அலமாரியைத் தேய்த்து இரண்டு கை வெள்ளை அடித்தேன். கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உருண்டைக் குமிழ் போட்டேன். எதுவும் ஆடவில்லை. மேடையின் உடைசலை மெழுகி அடைத்து, அதன் மேல் பளிங்கு மாதிரித் தெரியும் ஒட்டுத்தாளை ஒட்டினேன். அடுப்பின் திருகுகளில் ஒன்று பாதி உடைந்திருக்கும், அதையும் மாற்றினேன். நான்கும் புதுசு, நான்கும் ஒன்றுபோல. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ கம்மியில இப்படி மாத்திட்டியா? கெட்டிக்காரிதான்டி நீ" என்றார். அத்தை வாசற்படியில் நின்று, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சன்னல் பக்கம்.

முதல் வாரம் மேடைக்கு வெளியே கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டார். "கை தவறிடுச்சு" என்றார். இரண்டாவது வாரம் கத்தி இருந்த இழுப்பறைக்குள் கையை விட்டார். மூன்று விரலில் கட்டு. அதற்கடுத்து எரிகிற அடுப்பின் மேல் உள்ளங்கையை ஊன்றிவிட்டார். "வயசாச்சுல்ல, கவனம் இல்ல" என்று சிரித்தார். ஒவ்வொரு தடவையும் நான் மருந்து போட்டுவிட்டேன். கட்டுப் போடும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், இப்போதாவது சொல்லுவார் என்று. அவர் என் தலையைத் தடவி, "உனக்குத்தான் எவ்ளோ வேலை" என்பார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது உண்மைதான். எனக்கும் குறுகுறுத்தது. பழைய கைப்பிடிகளை ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். திரும்ப மாட்ட அரை மணி நேரம் ஆகாது. அதைச் செய்யாமல் நான் டப்பா வாங்கப் போனேன்.

அலமாரித் தட்டில் ஒரே அளவில், ஒரே வெள்ளையில் டப்பாக்கள் வரிசையாக நின்றால் சமையலறைக்குத் தனி அழகு. ஆறு டப்பா வாங்கினேன். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஐந்தில் உப்பு, சர்க்கரை, தேயிலை, மாவு, பால்பொடி. ஆறாவது காலி. காலி டப்பா ஓட்டைப் பல் மாதிரி உறுத்தியதால் சிங்க் அடைப்பு நீக்கும் பொடியை அதில் கொட்டினேன். ஆறிலும் என் கையெழுத்தில் சீட்டு ஒட்டினேன். அந்தச் சீட்டைத்தான் நீங்கள் படம் எடுத்து இந்தக் கோப்பில் வைத்திருக்கிறீர்கள். 'சிங்க் பொடி - தொடாதே' என்று எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன் பாருங்கள். கண் தெரியாதவருக்குச் சீட்டு எழுதி ஒட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது.

"அந்தப் பொடிய எதுக்கும்மா மேல வெச்சிருக்க? சிங்குக்கு அடியில வெச்சிடேன்" என்றார் அத்தை, புது டப்பாக்களில் என்னென்ன போட்டேன் என்று நான் சொன்னபோது.

"தட்டு காலியாத் தெரியும் அத்தை."

மறுநாள் டப்பாக்களின் கழுத்தில் நூல் கட்டியிருந்தது. உப்புக்கு ஒரு முடிச்சு, சர்க்கரைக்கு இரண்டு, தேயிலைக்கு மூன்று, இப்படியே ஐந்து வரை. ஒவ்வொன்றையும் முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார். ஆறாவதுக்கு நூல் இல்லை. நூல் இல்லாததைத் தொடக் கூடாது என்பது அவர் கணக்கு. எனக்குத் தெரியாமல் செய்ததாக நினைத்திருந்தார். உண்மையைச் சொல்கிறேன், மேடம், அந்த நூலைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அதற்கடுத்த நிமிடம் கோபம் வந்தது. இவ்வளவு செய்தும் மறுபடி அந்த அறை அவர் கைக்குப் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து, பழையதும் புதியதுமாகப் படம் எடுத்து என் தங்கைக்கு அனுப்ப நினைத்தேன். வெள்ளை டப்பாக்களில் அழுக்கு நூல் அசிங்கமாகத் தெரிந்தது. அவிழ்த்தேன், படம் எடுத்தேன். அத்தை தூங்கி எழுவதற்குள் திரும்பக் கட்டிவிட்டேன். நான் அப்படி ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல.

அன்று மாலை அவர் டீ போட்டார். எங்கள் வீட்டில் மாலை டீ எப்போதும் அத்தை கையால்தான். ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாருக்குக் கொடுப்பதானாலும் முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். சூடு ஆறி, நன்றாக ஒரு வாய். முன்பெல்லாம் அது எனக்கு அருவருப்பாக இருக்கும். இப்போது யோசித்தால், உப்பைச் சர்க்கரை என்று போட்டு எனக்குக் கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் செய்திருக்கிறார். மூன்று வருடமாக எனக்கு வர வேண்டிய முதல் வாயை அவர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். கரண்டி டப்பாவுக்குள் போகும் சத்தம் கேட்டது. இரண்டு கரண்டி, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "அத்தை" என்று கூப்பிட நேரம் இருந்தது. ஒரு தலையணை உறையை மடித்து முடித்து, இன்னொன்றை எடுக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. எடுத்தேன்.

மற்றதெல்லாம் மருத்துவமனை அறிக்கையில் இருக்கிறது. உயிர் பிழைத்துவிட்டார். இனிமேல் பேச முடியாது, குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும் என்று காத்திருந்தேன் இல்லையா, அது இனி வராது.

உங்கள் ஆள் போய்க் கேட்டபோது அத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். 'மருமகமேல தப்பு இல்ல. நான்தான் டப்பா மாத்தி எடுத்துட்டேன்.' வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் பார்த்து வலியில் எழுதியது என்று நினைத்திருப்பீர்கள். வலியால் அப்படி எழுதவில்லை. முதல் வரி எங்கே முடிந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் அந்தத் தாளைப் பார்த்து, "அம்மாவுக்குக் கண்ணே தெரியலையா? கூடவே இருந்திருக்கோமே, நமக்குத் தெரியாமப் போச்சே" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

முந்தாநாள் அத்தையின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். போர்வை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். தடவித் தடவி ஒரு முடிச்சுப் போட்டார், பிறகு இன்னொன்று. அதை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடிவிட்டார். மூடிய கையின் மேல் தன் கையை வெகுநேரம் வைத்திருந்தார். முடிச்சைப் போட்டது வேறு கை என்றால் அவர் விரலுக்குத் தெரியாதா? அவரிடம் பார்வைக்கு மிச்சம் இருந்ததே விரல்தானே.

இதோ, அந்த நூல். கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சமையலறையை இடிக்க ஆட்கள் வந்து அளவெடுத்துப் போய்விட்டார்கள். அந்த அறையைப் பார்க்கவே முடியவில்லை என்று வீட்டுக்காரர்தான் வரச் சொன்னார். பழைய கைப்பிடிகள் பையில் பத்திரமாக இருக்கின்றன, புது அலமாரியிலும் அதையே மாட்டிவிடுங்கள், அத்தைக்குச் சௌகரியமாக இருக்கும் என்று அவர்களிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான், யாரைக் காப்பாற்ற இதைச் சொல்கிறேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

இனி அந்த வரி. 'நூல்களைத் திரும்பக் கட்டும்போது கவனக்குறைவால் சர்க்கரையின் இரண்டு முடிச்சு நூல் வேறு டப்பாவுக்கு மாறிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். துப்பிவிடுவார், சத்தம் போடுவார், அதோடு உண்மை வெளியே வந்துவிடும் என்று நான் நினைத்ததாகவும் எழுத வேண்டாம். அதை நான் பிறகுதான் நினைத்தேன். ஆறாவது டப்பாவின் சீட்டைப் படித்தேன், கழுத்தில் நூலைச் சுற்றினேன், அத்தை போடுவது போலவே இறுக்கிப் போட்டேன்.

எனக்கு இரண்டு வரை எண்ணத் தெரியும், மேடம்.