சிங்க் அலமாரியின் பின்பலகை

நான் கண் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை செய்கிறேன். வயது ஐம்பத்தாறு. மருத்துவமனைக்குப் பின்தெருவில் கண்ணாடிக்காரர் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். மனைவியுடன் அங்கே குடியிருக்கிறேன். இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

என் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் சமீபத்தில் ஓர் அடுக்குமாடியில் இரண்டாம் மாடிக்குக் குடிவந்தார்கள். சமையலறையில் அலமாரி எதுவும் இல்லை. கடையில் வாங்கிவிடலாம் என்று சம்பந்தியம்மா, அதாவது மகளின் மாமியார், சொன்னதற்கு, “எங்க அப்பா செஞ்சு தருவாரு அத்தை, நல்லாவே இருக்கும்” என்று என் மகள் வாக்குக் கொடுத்துவிட்டாள். மரவேலை எனக்குத் தொழில் அல்ல, ஓய்வு நேரப் பைத்தியம். புகுந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்டு நடந்த முதல் காரியம் இது. கெட்டுப்போனால் ஏச்சு அவளுக்குத்தான் என்பதால் நான் மிகுந்த கவனத்துடன் இறங்கினேன்.

கதவுகளுக்கு முகம் நன்றாக உள்ள பிளைவுட் எடுத்தேன். பின்பலகை, அடிப்பலகை போன்ற கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு, மேலே கணுவும் ஒட்டும் இருந்தாலும் பாதகமில்லை, உள்ளடுக்கில் ஓட்டை இருக்கக் கூடாது, பசை தண்ணீருக்கு அசையக் கூடாது என்பது என் கட்சி. அதனால் கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்து, “வெந்துடுச்சாங்க? உப்பு பார்க்கட்டுமா?” என்று கேட்டாள். துண்டு ஏடு ஏடாகப் பிரியவில்லை. அதன்பிறகுதான் முழுப் பலகை வாங்கினேன்.

அறுப்பதும் பூட்டுவதும் நான், உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடிப்பது மனைவி என்று பிரித்துக்கொண்டோம். பலகைக்கு ஒரு பக்கம் மட்டும் பூசினால் பூசாத பக்கம் ஈரத்தைக் குடித்து வளைந்துவிடும். ஆகையால் இரு பக்கமும் ஒரே அளவு பூச வேண்டும், விளிம்புகளுக்கு இன்னும் கூடுதலாக என்று சொல்லியிருந்தேன். அலமாரிகளைக் கொண்டுபோய் மாட்டினோம். சம்பந்தியம்மா கதவுகளைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே” என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை. என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதன்பிறகு போன வாரம் மகள் தொலைபேசி ஸ்பீக்கரில் பேசும்போது, சிங்குக்குப் பின்சுவர் ஈரம் காண்கிறது என்று சாதாரணமாகச் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றுவிட்டது. பிறகு அவள் சொன்னது: “என்னங்க, சிங்க் அலமாரியில சுவரைப் பாத்த பக்கம் நான் வார்னிஷ் அடிக்கலை. அன்னைக்கு டப்பா தீந்துபோச்சு. யாரு எட்டிப் பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.”

“சுவருக்குக் காது இருக்குன்னுதான் கேள்விப்பட்டேன். தண்ணியும் இருக்கும்போல” என்றேன். அவள் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்தால் மகளுக்குத் தலைகுனிவு என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

இன்று காலை சம்பந்தி வீட்டார் உறவினரைப் பார்க்கப் போனார்கள். மகள் மாமியாருக்குத் தெரியாமல் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு அவர்களுடன் போனாள். நாங்கள் உள்ளே போய் அலமாரியைக் கழற்றிப் பார்த்ததில், பின்பலகையின் கீழ்விளிம்பு மட்டும் கறுத்திருந்தது. பலகை உறுதியாகவே இருந்தது. மின்விசிறியில் காயவைத்து, உப்புத்தாள் போட்டு, முதல் கோட் அடித்தோம். வார்னிஷ் நெடி வீட்டில் தங்கக் கூடாது என்று இருவரும் அலமாரியை வெளி நடைக்குத் தூக்கி வந்தோம். தூசிக்காக முகத்தில் துணி கட்டியிருந்தோம், அவிழ்க்கத் தோன்றவில்லை. கீழ்வீட்டுப் பெரியவர் படியேறி வந்து, முகத்தை மூடிய இருவர் அலமாரியோடு நிற்பதைக் கண்டு காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தால் கூச்சலும் போட்டிருப்பேன்.

அதன்பிறகு காவலர் வந்தார். தகவல் போய், சம்பந்தியம்மாவும் என் மகளும் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். திருட்டுத்தனமாக ஏன் வந்தீர்கள் என்று காவலர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான், “பின்பக்கம் வார்னிஷ் அடிக்க மறந்துட்டேன் சார். வயசாகுது” என்றேன்.

“அவர் பொய் சொல்றாருங்க. அடிக்காம விட்டது நான்” என்று என் மனைவி சொன்னாள்.

சம்பந்தியம்மா குனிந்து பின்பலகையைத் தடவினார். ஈர வார்னிஷ் அவர் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. விரலைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். பிறகு, “இதுக்கா சம்பந்தியம்மா இவ்வளவு பயந்தீங்க? எங்க கட்டிலுக்கு அடியில நான் பெருக்கி எத்தனை மாசமாச்சுன்னு உங்க பொண்ணையே கேளுங்க” என்றார். என் மகள், “நான் எதையும் பாக்கலை அத்தை” என்றாள். அங்கே முதலில் சிரித்தது காவலர்தான்.

சம்பந்தியம்மா தமக்குப் புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எந்தப் பொருளும் களவு போகவில்லை. இரண்டாவது கோட் அடிக்க வேண்டியிருப்பதால் என்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. மனைவி செய்தது இதில் வர வேண்டாமே என்று கேட்டேன். உடன் இருந்த அவள், “உள்ளதை உள்ளபடி எழுதிக்குங்க சார்” என்று சொல்லிவிட்டாள். ஆகவே இதில் கண்டவை எல்லாம் உண்மை. காவலரிடம் நான் மறந்துவிட்டேன் என்று சொன்னது மட்டும் பொய். மறுபடி கேட்டாலும் அந்தப் பொய்யைத்தான் சொல்வேன்.

(ஒப்பம்)
கண்ணாடிக்காரர்

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
உதவி ஆய்வாளர்